வார்டுக்குத் திரும்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பிப்ரவரியில் ஒரு காலை அலுவலகத்துக்கு ஒரு போன். "நீங்க தமிழ்தானே? பேரைப் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டேன். என் பையன் எப்பங்க முடிப்பான்? கேட்டா 'இன்னும் ரெண்டு எக்ஸ்பெரிமென்ட்தாம்மா'ங்கிறான். ரெண்டு வருஷமா அதே ரெண்டு எக்ஸ்பெரிமென்ட். பொண்ணு வீட்டுல தேதி கேக்கிறாங்க."

அந்தப் பையனைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது. மாணவர் கோப்பில் இருப்பதை அவர் சம்மதமில்லாமல் பெற்றவர்களிடம்கூடப் பொதுவாகச் சொல்லக்கூடாது என்று அமெரிக்காவில் 1974-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பொது விதிகளைச் சொல்லத் தடையில்லை. அன்று அந்த அம்மாவிடம் முக்கால் மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. திண்டுக்கல் பக்கம் கூட்டுறவு வங்கியில் லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, கிழக்குக் கரையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் எம்.டி.-பிஎச்.டி. அலுவலகத்தில் 11 வருடமாக ஒருங்கிணைப்பாளர். மாணவர்கள் செய்யும் ஆராய்ச்சி எனக்குப் பாதிதான் புரியும். யார் எந்தக் காகிதத்தால் ஆறு மாதம் பின்தங்கினார்கள் என்பது முழுதாகத் தெரியும்.

டாக்டர் பட்டமான எம்.டி.யும் (நம்மூர் எம்.பி.பி.எஸ். இடத்தில் இருப்பது) ஆராய்ச்சிப் பட்டமான பிஎச்.டி.யும் சேர்த்து வாங்கும் இந்த இரட்டைப் பட்டம் புதிதல்ல. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச். இதற்கென்று பயிற்சி நிதி கொடுக்க ஆரம்பித்தது 1964-ல். முதலில் மூன்றே கல்லூரிகள். இன்று ஐம்பதுக்கு மேல். முதல் 2 வருடம் எல்லா மருத்துவ மாணவர்களோடும் வகுப்பு. அப்புறம் மருத்துவத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு லேபில் பிஎச்.டி.; 3 வருடமும் ஆகலாம், 5 வருடமும் ஆகலாம். அதை முடித்து மறுபடி வந்து வார்டுகளில் ஏறக்குறைய 2 வருடம். சராசரி மொத்தம் 8 வருடம். எங்கள் பேச்சில் மருத்துவ வருடங்கள் எம்1, எம்2. லேப் வருடங்கள் ஜி1, ஜி2, ஜி3. அதன் பிறகு எம்3, எம்4. எம் வருடங்கள் நீளாது, கல்லூரி இழுத்துக்கொண்டு போய்விடும். ஜி வருடங்கள்தான் ரப்பர்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிடுங்கள். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சலுகை விலையில் பிஎச்.டி. தருவதில்லை. மற்ற பிஎச்.டி. மாணவர்கள் எழுதும் அதே தகுதித் தேர்வு, அதே கமிட்டி, அதே ஆய்வேடு. குறைவது வகுப்புகள், பாடம் நடத்தும் கடமை, லேப் ரொட்டேஷன்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான்.

ரொட்டேஷன் என்றால் ஒரு லேபில் 8 அல்லது 10 வாரம் இருந்து பார்ப்பது. பெரும்பாலும் எம்1-க்கு முந்தைய கோடையில் ஒன்று, எம்1-க்கும் எம்2-க்கும் நடுவில் ஒன்று. கைடைத் தேர்ந்தெடுப்பது இங்கேதான். தலைப்பைப் பார்த்து மயங்குகிற பிள்ளைகள் அதிகம். நான் பார்க்கச் சொல்வது வேறு. என்.ஐ.எச். ரிப்போர்ட்டர் என்ற தளத்தில் பேராசிரியரின் பெயரைப் போடுங்கள்; அவருக்கு என்ன நிதி வந்திருக்கிறது, எந்தத் தேதியோடு முடிகிறது என்று ஊருக்கே தெரியும்படி போட்டிருப்பார்கள். உங்கள் ஜி2 நடுவில் அந்தத் தேதி வந்தால், அதற்குப் பிறகு என்ன திட்டம் என்று அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான். இந்த லேபில் எம்.டி.-பிஎச்.டி. மாணவர் யாராவது இருந்தாரா, எத்தனை வருடத்தில் வெளியே போனார் என்றும் கேளுங்கள். அதே கேள்வியைப் பழைய மாணவரிடம் லேபுக்கு வெளியே காபி குடிக்கும்போது கேட்டால் இன்னும் சரியான விடை வரும். கைடு புதிதாகச் சேர்ந்த இளம் பேராசிரியர் என்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அனுபவமுள்ள ஒருவரைத் துணைக் கைடாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக் கணக்கு. எம்1, எம்2-வில் படித்ததில் ஒரு பங்கை பிஎச்.டி. கிரெடிட்டாக ஏற்றுக்கொள்வார்கள். தானாக ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். படிவம் கொடுத்து, துறையில் கையெழுத்து வாங்கி, பதிவாளர் அலுவலகத்தில் ஏற்ற வேண்டும். ஜி1-ன் முதல் மாதமே செய்யுங்கள். புள்ளியியல் வகுப்பைப் பெரும்பாலும் விலக்கமாட்டார்கள், விலக்கினாலும் நீங்கள் விலகாதீர்கள். ஆராய்ச்சி நெறிமுறை வகுப்பும் உண்டு. என்.ஐ.எச். நிதி வாங்குபவர் குறைந்தது 8 மணி நேரம், பெரும்பாலும் நேரில் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். வந்து உட்கார்ந்ததற்குச் சான்று வேண்டும். நான் கேட்கும்போது "போனேனே ஆன்ட்டி" என்றால் போதாது.

தகுதித் தேர்வு பெரும்பாலும் ஜி1 முடிவிலோ ஜி2 தொடக்கத்திலோ வரும். ஓர் ஆய்வுத் திட்டம் எழுதி, கமிட்டி முன் நின்று காக்க வேண்டும். இதில் ஒரே உழைப்பில் இரண்டு வேலையை முடிக்கலாம். இரட்டைப் பட்ட மாணவர்களுக்கென்றே எஃப்30 என்று என்.ஐ.எச். கொடுக்கும் தனி உதவித்தொகை ஒன்று உண்டு. அதற்கு ஆய்வு நோக்கம் 1 பக்கம், ஆய்வு உத்தி 6 பக்கம். உங்கள் துறை அனுமதித்தால் தகுதித் தேர்வுத் திட்டத்தையும் அதே அளவில் எழுதிவிடுங்கள். தேர்வில் வாங்கிய திட்டை வைத்தே திருத்தி, அடுத்த தவணையில் அனுப்பலாம். தவணைகள் ஏப்ரல் 8, ஆகஸ்ட் 8, டிசம்பர் 8. கல்லூரியின் நிதி அலுவலகம் அதற்குப் பல நாள் முன்பே கேட்கும். 7-ஆம் தேதி ராத்திரி எனக்கு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். இன்னொன்று: எஃப்30-யும் கல்லூரி வழியாக வரும் பயிற்சி நிதியும் ஒரே கணக்கில்தான் சேரும். எல்லாம் சேர்த்து இரட்டைப் பட்ட மாணவருக்கு 6 வருடம்தான் உச்ச வரம்பு. தொடக்கத்திலேயே செலவழித்துவிட்டுக் கடைசியில் கையைப் பிசைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி கமிட்டி. பாதிப் பேரின் வருடங்கள் போகும் இடம் இதுதான்.

நான்கைந்து பேராசிரியர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்க்க வேண்டும். எழுத்தில் இருப்பது இதுதான். ஆனால் அந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஊரில் இருக்கும் நாள் அமாவாசையில் நிலவு மாதிரி. டேட்டா சரியாக வரட்டும், அப்புறம் கூட்டுகிறேன் என்று மாணவர் தள்ளிப்போடுவார். கைடுக்கும் அது வசதி. பதினான்கு மாதம் ஓடிவிடும். அதனால் ஒரு கூட்டம் முடிந்து எழுந்திருக்கும் முன்பே, அந்த அறையிலேயே, அடுத்த கூட்டத்தின் தேதியை வாங்கிவிடுங்கள். டேட்டா மோசமாக இருந்தால் முன்கூட்டியே கூட்டுங்கள். மோசமான டேட்டாவுக்குத்தான் ஐந்து மூளை வேண்டும்.

கூட்டத்தில் முடிவானதை அன்றே அரைப் பக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் ஒரு மாணவி. ஜனவரிக் கூட்டத்தில் எல்லோரும் "ஆய்வேட்டை எழுத ஆரம்பிக்கலாம்" என்றார்கள், வாயால். கையெழுத்துப் படிவம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் விட்டுவிட்டாள். மார்ச்சில் கமிட்டியில் ஒருவர், பெண் எலிகளிலும் இதைச் செய்து காட்டினால் நன்றாக இருக்குமே என்றார். காட்ட வேண்டிய கையெழுத்து அவளிடம் இல்லை. சுண்டெலி 3 வாரம் சினையாக இருக்கும், குட்டி 3 வாரம் பால் குடிக்கும், வளர இன்னும் சில வாரம். யார் அவசரப்பட்டாலும் எலி அவசரப்படாது. மே மாதம் வார்டுக்குப் போக வேண்டியவள் அடுத்த நுழைவு வரை காத்திருந்தாள். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழவில்லை. டப்பாவிலிருந்த புளியோதரையை மட்டும் திறக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போனாள்.

வார்டில் எப்போது வேண்டுமானாலும் நுழைய முடியாது என்பதை லேபில் இருக்கும்போது மறந்துவிடுகிறார்கள். வருடத்தில் சில தேதிகள்தான். தவறினால் பஸ் போய்விட்டது. கல்யாணத்துக்கு முகூர்த்தத்தை வைத்துக்கொண்டுதானே மண்டபம், பத்திரிகை, புடவை என்று பின்னோக்கி எண்ணுவோம்? அதே மாதிரி எண்ணுங்கள். வார்டு நுழைவு மே முதல் வாரம் என்று வையுங்கள். ஆய்வேட்டின் இறுதிப் பிரதி ஏப்ரல் நடுவில் உள்ளே போக வேண்டும். டிஃபென்ஸ், அதாவது வாய்மொழித் தேர்வு, மார்ச் கடைசிக்குள். கமிட்டி படிப்பதற்கு அதற்கு 2 வாரம் முன்பே கையில் கொடுக்க வேண்டும். சில நாள் கையிருப்பும் வைத்துக்கொண்டால் மார்ச் முதல் வாரம். எழுத ஒழுங்காக 3 மாதம். ஆக, "எழுதலாம்" என்ற கையெழுத்து முந்தைய நவம்பரில். அந்தக் கையெழுத்து கிடைக்க, உங்கள் பெயர் முதலில் வரும் கட்டுரை ஒன்று கோடையிலேயே பத்திரிகைக்குப் போயிருந்தால் நல்லது. பல கல்லூரிகளில் அது எழுதப்பட்ட விதி, மற்ற இடங்களில் எழுதப்படாத விதி. நாட்கள் உங்கள் கல்லூரியில் முன்னே பின்னே இருக்கும். எண்ணும் முறை மாறாது. மே மாதத்துக்கான கவலை முந்தைய மே மாதமே ஆரம்பிக்க வேண்டும்.

ஒப்படைக்கும் ஆய்வேட்டின் பக்க ஓரத்தை அளந்து பார்க்கவும் ஒருவர் இருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஃபென்ஸ் முடித்துவிட்டு ஊர் சுற்றப் போன ஒரு பையன், 212 பக்கத்துக்கும் ஓரம் மாற்ற விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு சாப்டர்தான் பாக்கி ஆன்ட்டி, வார்டுக்குப் போயிட்டு ராத்திரியில எழுதிக்கிறேன்" என்று வருடத்துக்கு ஒருவராவது வருவார். கூடவே கூடாது. பெரும்பாலான கல்லூரிகள் ஆய்வேட்டை ஒப்படைக்காமல் விடாது, விட்டாலும் போகாதீர்கள். சர்ஜரி ரொட்டேஷனில் விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு வருபவர் எதை எழுதுவார்?

லேப் வருடங்களில் மருத்துவம் துருப்பிடிக்காமல் இருக்க வாரத்தில் ஓர் அரை நாளாவது கிளினிக் போங்கள். சின்னச் சின்ன காலாவதிகளும் உண்டு: உயிர்காப்புப் பயிற்சி அட்டை 2 வருடம், என்95 முகக்கவசப் பொருத்தச் சோதனை 1 வருடம், அப்புறம் காசநோய்ச் சோதனை, ஃப்ளூ ஊசி. இதில் ஒன்று இல்லையென்றாலும் முதல் நாள் வார்டு வாசலில் நிறுத்திவிடுவார்கள். தேசிய உரிமத் தேர்வின் முதல் படியைப் பெரும்பாலோர் லேபுக்குப் போகும் முன்பே எழுதிவிடுகிறார்கள்; 2022 ஜனவரியிலிருந்து அதில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். ஆனால் எல்லாப் படிகளையும் 7 வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பல மாநிலங்களில் விதி இருக்கிறது. லேபிலேயே நாலைந்து வருடம் போகிறவருக்கு அது இடிக்கும். எம்.டி.-பிஎச்.டி.காரர்களுக்குப் பல மாநிலங்கள் விலக்கு தருகின்றன, எல்லாமும் இல்லை. பிற்காலத்தில் எந்த மாநிலத்தில் வேலை பார்க்க ஆசையோ, அந்த மாநில விதியை இப்போதே பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு: மேலே சொன்ன என்.ஐ.எச். பயிற்சி நிதியும் எஃப்30-யும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். வெளிநாட்டு மாணவரைத் தங்கள் சொந்தப் பணத்தில் எடுக்கும் கல்லூரிகள் சில உண்டு. விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொன்றிடமும் எழுதிக் கேளுங்கள். எம்.பி.பி.எஸ். முடித்தவர் மறுபடி எம்.டி. படிக்க வேண்டியதே இல்லை, பிஎச்.டி. மட்டும் சேர்ந்து, சிகிச்சையும் செய்ய வேண்டுமென்றால் வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் வாங்கி, ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பதுதான் வழி.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். பிஎச்.டி. முடிந்த நாளும் எம்3 தொடங்கும் நாளும் அடுத்தடுத்து வராது. நடுவில் நீங்கள் எந்தக் கணக்கிலும் மாணவர் இல்லை. மருத்துவக் காப்பீடும் உதவித்தொகையும் அந்த இடைவெளியில் தொடர்கிறதா என்று தேதி போட்டு எழுத்தில் வாங்குங்கள். வாங்காமல் விட்ட ஒருவருக்கு அந்த வாரம் பார்த்துத்தான் குடல்வால் வீங்கியது.

அந்த அம்மா எல்லாவற்றையும் தினசரி காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. தாள் திருப்பும் சத்தம் கேட்டது. "அப்ப கல்யாணத்தை எப்பங்க வைக்கிறது?"

"பொதுவாச் சொல்றேம்மா. ஜி வருஷத்துல எப்ப வேணா வைக்கலாம். டிஃபென்ஸுக்கு முந்தின நாலு மாசமும் எம்3 முழுசும் வேணாம்."

"சரி. அவன் இப்ப ஜி எத்தனைங்க?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா."