பழைய மதர்போர்டுக்கு ஏ.ஜி.பி. கார்டு பொருத்துவது எப்படி?

பழைய பென்டியம் கணினிகளில் கிராபிக்ஸ் கார்டு செருகும் ஸ்லாட்டுக்குத்தான் ஏ.ஜி.பி. என்று பெயர். அதற்குக் கார்டு தேடும் பலரும் "இது 4எக்ஸா, 8எக்ஸா?" என்று வேகத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். வேகத்தை அப்புறம் பார்க்கலாம், வோல்டைப் பாருங்கள். வேகம் ஒத்துவராவிட்டால் கார்டு மெதுவாக ஓடும். வோல்ட் ஒத்துவராவிட்டால் போர்டே போய்விடும்.

1997-ல் வந்த முதல் ஏ.ஜி.பி. போர்டுகள் 3.3 வோல்டில் ஓடின. 4எக்ஸ் வந்தபோது அது 1.5 ஆனது, 8எக்ஸ் சிக்னல் 0.8 வோல்ட்.

முதல் வேலை: பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மற்ற கார்டுகளுக்கான வெள்ளை பி.சி.ஐ. ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் பழுப்பு நிறத்தில், சற்று உள்ளே தள்ளி இருப்பதுதான் ஏ.ஜி.பி. அதன் நடுவே சின்னச் சுவர் மாதிரி ஒரு பிளாஸ்டிக் தடுப்பு தெரியும். மானிட்டர் வயர் செருகும் பின்பக்கத்தை ஒட்டி இருந்தால் 3.3 வோல்ட். தள்ளி இருந்தால் 1.5. தடுப்பே இல்லையென்றால் இரண்டும் போகும்.

அடுத்து, கார்டின் தங்க நிறப் பற்களைப் பாருங்கள். கேஸில் ஸ்க்ரூ போடும் இரும்புப் பட்டைக்கு அருகில் வெட்டு இருந்தால் 3.3, தள்ளி இருந்தால் 1.5. இரண்டு வெட்டும் இருந்தால் இரண்டுக்கும் ஏற்றது.

ஆனால் வெட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். 3.3 வோல்டில் மட்டுமே ஓடும் சில டி.என்.டி.2 (என்விடியாவின் பழைய கிராபிக்ஸ் சிப்) கார்டுகளில் இரண்டு வெட்டும் இருக்கின்றன. இன்டெல் 845 சிப்செட் (போர்டின் முக்கிய கட்டுப்பாட்டு சிப்கள்) உள்ள போர்டு 1.5 மட்டுமே தாங்கும். அதில் இதைச் செருகினால் தடையில்லாமல் உள்ளே போகும், ஸ்விட்ச் போட்டதும் சிப்செட் எரியும். நான் ஒரு நல்ல போர்டை இப்படித்தான் இழந்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் கார்டு, சிப்செட் இரண்டின் பெயரையும் தேடி வோல்டை உறுதி செய்த பிறகே கை வையுங்கள்.

என் தேர்வு: இன்டெல் 440பி.எக்ஸ். சிப்செட் போர்டுக்கு ஜீஃபோர்ஸ்2 எம்.எக்ஸ்., 845-க்கு ஜீஃபோர்ஸ்4 டி.ஐ. 4200.

சரி, இனி செருகலாம். ஓரத்தைப் பிடித்து நேராக அழுத்துங்கள். பட்டையில் ஸ்க்ரூ முடுக்கும்போது கார்டின் வால்பக்கம் லேசாக மேலே எழும்பும். அங்கே விரலை வைத்துக்கொண்டே முடுக்குங்கள். கணினியைத் தொடக்கும் புரோகிராமான பயாஸ், அவார்டு நிறுவனத்துடையதாக இருந்து, ஒரு நீள பீப், இரண்டு குட்டி பீப் அடித்தால் கார்டு சரியாக உட்காரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பவரை நிறுத்தி, கழற்றி, பற்களை ரப்பரால் மெல்லத் துடைத்து மறுபடி செருகுங்கள்.