பிப்பெட்டும் கட்டைவிரலும்: லேபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் செமி ஆட்டோ அனலைசர் (சாம்பிளைக் கையால் கலந்து வைக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக் கருவி) வைத்திருக்கும் சின்ன லேப்களில், காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களின் சர்க்கரை அளவு டெக்னீஷியனின் கட்டைவிரலை நம்பித்தான் இருக்கிறது. வழக்கமாக 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்டுக்கு (சோதனைக் கரைசல்) 10 மைக்ரோலிட்டர் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்); இதைப் பிப்பெட் என்ற கையடக்க உறிஞ்சியால்தான் அளந்து எடுக்கிறோம். அதில் 1 மைக்ரோலிட்டர் கூடினாலே விடை கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏறிவிடும். கானாடுகாத்தானிலிருந்து பஸ் ஏறி வந்த ஆச்சிக்கு உண்மையில் 118 என்றால் ரிப்போர்ட்டில் 130 வரும். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்க் கணக்கு. ஆச்சி அன்றைக்கே பணியாரத்தை நிறுத்திவிடுவார்.

அளவு கூடுவது பெரும்பாலும் பிப்பெட்டின் தலையில் கட்டைவிரலால் அழுத்தும் பட்டனில்தான். அதற்கு இரண்டு நிறுத்தங்கள். உறிஞ்சும்போது முதல் நிறுத்தம் வரை மட்டும் அழுத்த வேண்டும்; இரண்டாவது, டிப்பில் (நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் குழல்) மிச்சம் இருப்பதை வெளியே தள்ளுவதற்கு. அவசரத்தில் ஒரேயடியாக அழுத்தி உறிஞ்சினால் கூடுதலாக ஏறும், தள்ளும்போது அதுவும் டியூபுக்குள் போய்விடும்.

அழுத்திய விரலைப் படக்கென்று விடுவதும் தப்பு. சீரம் துள்ளும், குமிழி வரும், சில நேரம் பிப்பெட்டுக்குள்ளேயே ஏறிவிடும். மெதுவாக விட்டு, ஒரு நொடி பொறுத்து எடுக்க வேண்டும். சின்ன டிப்பை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நனைத்தால் போதும். ஆழமாக முக்கினால் வெளிப்பக்கம் ஒட்டிய சீரமும் கூடவே வரும். அப்படி ஒட்டினால் டிஷ்யூவால் துடைக்கலாம், ஆனால் நுனித் துளையில் பட்டால் உள்ளே இருப்பதை டிஷ்யூ இழுத்துக்கொள்ளும். உறிஞ்சும்போது பிப்பெட்டைச் சாய்க்கவும் கூடாது.

நம்ம ஊர் வெயிலில் இன்னொன்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரீஏஜென்டை அறை வெப்பத்துக்கு வராமல் உறிஞ்சினால் அளவு பிசகும், உள்ளே அளவைத் தீர்மானிப்பது காற்றுதானே. காலை முழுக்கப் பிப்பெட்டை இறுக்கிப் பிடித்திருந்தாலும் கைச்சூட்டில் அந்தக் காற்று விரியும். இடையிடையே ஸ்டாண்டில் மாட்டிவிடுங்கள்.

'கன்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த சோதனைச் சாம்பிள்) சரியாகத்தானே வந்தது?' என்பார்கள். கன்ட்ரோலை நிதானமாக வைப்போம், கூட்டம் சேர்ந்ததும் பேஷன்ட் சாம்பிளை அவசரமாக வைப்போம். ஸ்டாண்டர்டை (கருவி ஒப்பிட்டுக் கணக்கிடும் அளவு தெரிந்த கரைசல்) ஒருவர் போட்டு, சாம்பிளை வேறொருவர் போட்டாலும் இதே சிக்கல்தான். சந்தேகம் வந்தால், நுண்ணிய தராசு இருக்கும் இடத்தில் டிஸ்டில்டு வாட்டரை எடுத்து நிறுத்துப் பார்க்கலாம்: 100 மைக்ரோலிட்டர் ஏறக்குறைய 0.1 கிராம் காட்ட வேண்டும். லேபில் பிப்பெட் பிடிக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பத்து முறை நிறுத்துப் பார்த்தால், பிசகு கருவியிலா கையிலா என்று தெரிந்துவிடும்.