பழைய கேமராவில் கிடக்கும் வீட்டு வீடியோக்களை வெளியே எடுப்பது எப்படி

என் ஸ்டூடியோவுக்குப் பழைய டிஜிட்டல் கேமராவோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “அண்ணாச்சி, இதுக்கு சார்ஜர் கிடைக்குமா?” என்பதுதான். பெரும்பாலும் சார்ஜரே வேண்டியதில்லை. வீடியோ இருப்பது மெமரி கார்டில். கேமராவின் அடிப்பக்க மூடியைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் அது செருகியிருக்கும். விரல் நுனியால் உள்நோக்கி ஒரு அழுத்து அழுத்தினால் தானாக வெளியே வந்துவிடும். பல வருடம் பீரோவில் கிடந்த லித்தியம் பேட்டரி சில நேரம் உப்பிப்போய் இருக்கும். அப்படி இருந்தால் சார்ஜ் போடவே கூடாது, ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பவும் கூடாது. கார்டை எடுத்துக்கொண்டு, கேமராவை அப்படியே மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து கார்டு ரீடர். கேனான், நிக்கான், பானசோனிக் என்றால் பெரும்பாலும் எஸ்.டி. கார்டு. பழைய சோனி சைபர்ஷாட்டில் மெமரி ஸ்டிக் டியோ இருக்கும். பழைய ஒலிம்பஸ், ஃப்யூஜி கேமராக்கள் பலவற்றில் எக்ஸ்.டி. கார்டு. கடையில் சும்மா ‘கார்டு ரீடர்’ என்று கேட்டால் எஸ்.டி.யும் மைக்ரோ எஸ்.டி.யும் மட்டும் நுழைகிற சின்னதைத் தூக்கிக் கொடுப்பார்கள். கார்டையே கையில் கொண்டுபோய், “இது நுழையணும்” என்று காட்டி வாங்குங்கள். ரொம்பப் பழைய ரீடர் 2 ஜி.பி. வரையிலான எஸ்.டி. கார்டைத்தான் படிக்கும், 4 ஜி.பி.யில் தொடங்கும் எஸ்.டி.எச்.சி. கார்டைப் படிக்காது. ‘கார்டு கெட்டுப்போச்சு’ என்று வருகிறவர்களிடம் முதலில் வேறு ரீடரில்தான் போட்டுப் பார்ப்பேன்.

கேமராவோடு வந்த கேபிளே இருக்கிறதே என்பீர்கள். இருந்தால் பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் சில கேமராக்கள் பி.டி.பி. (PTP) என்ற முறையில் இணையும். அப்போது போட்டோ எல்லாம் வரிசையாகத் தெரியும், வீடியோ மட்டும் கண்ணில் படாது. மெனுவில் யு.எஸ்.பி. கனெக்‌ஷன் என்ற இடத்தில் ‘மாஸ் ஸ்டோரேஜ்’ இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். அந்தக் காலத்தில் கூடவே கொடுத்த சி.டி.யைத் தேடி அலைய வேண்டாம், அது இல்லாமலே எல்லாம் நடக்கும்.

எஸ்.டி. கார்டின் ஓரத்தில் ஒரு பொடி ஸ்விட்ச் இருக்கும். சிஸ்டத்தில் செருகும் முன் அதை ‘லாக்’ பக்கம் தள்ளிவிடுங்கள். அப்புறம் கைதவறி எதுவும் அழியாது. பிரவுசிங் சென்டர் சிஸ்டங்களில் குடியிருக்கும் ஷார்ட்கட் வைரஸும் கார்டுக்குள் ஏறாது. செருகியவுடன் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டால் ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு வேறு ரீடரில் போடுங்கள். அங்கே ‘ஓகே’ அழுத்திவிட்டு வருகிறவர்கள்தான் எனக்குத் தலைவலி.

இப்போது முக்கியமான இடம். கார்டைத் திறந்தால் டி.சி.ஐ.எம். என்று ஒரு ஃபோல்டர் தெரியும். எல்லோரும் அதை மட்டும் காப்பி செய்துவிட்டு ‘முடிந்தது’ என்று கார்டை ஃபார்மட் போடுவார்கள். கேனான் பவர்ஷாட் மாதிரி கேமராக்களுக்கு அது சரி. போட்டோவுக்குப் பக்கத்திலேயே எம்.வி.ஐ. என்று தொடங்கும் பெயரில் வீடியோவும் இருக்கும். கூடவே அதே பெயரில் டி.எச்.எம். (THM) என்று முடியும் குட்டி ஃபைல் இருந்தால் அது வெறும் முகப்புப் படம். ஆனால் 2006-ல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து ஏ.வி.சி.எச்.டி. (AVCHD) என்ற வீடியோ பதிவு முறையைக் கொண்டுவந்தன. அதில் எடுத்த வீடியோ டி.சி.ஐ.எம்.முக்குள் இருக்காது. ‘பிரைவேட்’ என்ற ஃபோல்டர், அதற்குள் ஏ.வி.சி.எச்.டி., அதற்குள் பி.டி.எம்.வி. (BDMV), அதற்குள் ‘ஸ்ட்ரீம்’ என்று நாலு கதவு தாண்டி, 00000, 00001 என்ற எண்களோடு எம்.டி.எஸ். ஃபைல்களாக உட்கார்ந்திருக்கும். சில சோனி கேமராக்களில் எம்.பி. ரூட் என்று இன்னொரு ஃபோல்டரும் உண்டு. அதனால் எதையும் பொறுக்கி எடுக்க வேண்டாம். கார்டில் இருப்பதை மொத்தமாக செலக்ட் செய்து, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு புது ஃபோல்டரில் அப்படியே காப்பி போடுங்கள். கட் வேண்டாம், காப்பி.

கார்டு காலியாக இருந்தால் உடனே கைவிட வேண்டாம். சில கேமராக்களுக்கு உள்ளேயே கொஞ்சம் மெமரி உண்டு. கார்டு இல்லாமல் எடுத்த ஒன்றிரண்டு குட்டி வீடியோ அதில் மாட்டியிருக்கும். கார்டை வெளியே எடுத்தால்தான் அது திரையில் தெரியும். இதற்கு மட்டும் பேட்டரி வேண்டும். இன்னொரு கார்டைப் போட்டு, மெனுவில் ‘காப்பி’ கொடுத்தால் கார்டுக்கு வந்துவிடும். வீடியோவைத் தெரியாமல் அழித்துவிட்டீர்கள் என்றால் அந்தக் கார்டில் அதற்குமேல் எதையும் எடுக்காதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பல நேரம் மீட்டுக் கொடுக்கும். மீட்டதை அதே கார்டில் சேமிக்கக் கூடாது.

பார்ப்பதற்கு வி.எல்.சி. பிளேயர் ஒன்று போதும். பழைய ஏ.வி.ஐ., எம்.டி.எஸ். ஃபைல் எல்லாம் அதில் ஓடும். போனிலேயே வேலையை முடிக்க நினைக்கிறவர்கள் டைப்-சி ரீடரைச் செருகி, போனிலும் வி.எல்.சி.யையே போட்டுக்கொள்ளலாம், கேலரியில் ஓடவில்லை என்பதால் ஃபைல் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். மஞ்சள், வெள்ளை பின் உள்ள ஏ.வி. கேபிள் இருந்தால் டி.வி.யில் நேரடியாகவும் பார்க்கலாம். படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வந்தால் கேமரா மெனுவில் ‘என்.டி.எஸ்.சி.’யை ‘பி.ஏ.எல்.’ (PAL) என்று மாற்றுங்கள், நம்மூர் டி.வி. முறை அதுதான்.

வீடியோவைச் சுருக்குவது, மாற்றுவது எல்லாம் காப்பியில்தான், மூலத்தில் கை வைக்காதீர்கள். பழைய ஏ.வி.ஐ. பெரிதாக இருக்கும். 640-க்கு 480 அளவில் எட்டொன்பது நிமிடம் ஓடுவதற்கே கிட்டத்தட்ட 1 ஜி.பி. பிடிக்கும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு எச்.264 எம்.பி.4 ஆக்கினால் நன்றாகச் சுருங்கும். தரத்துக்கு 20 என்ற எண்ணை வையுங்கள். ஆள் அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் அதிலேயே ‘டீஇன்டர்லேஸ்’ கொடுக்க வேண்டும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்ததால் படுத்துக் கிடக்கும் வீடியோவையும் அங்கேயே நிமிர்த்தலாம். வளைகாப்பை நிறுத்தாமல் எடுத்திருந்தால் இரண்டு மூன்று துண்டாக இருக்கும். கார்டில் ஃபைல்களைச் சேமிக்கும் எஃப்.ஏ.டி.32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது என்பதால் கேமராவே வெட்டிவிடும். அவிடெமக்ஸ் என்ற மென்பொருளில் முதல் துண்டைத் திறந்து அடுத்ததை ‘அப்பெண்ட்’ செய்து, ‘காப்பி’ முறையிலேயே சேமித்தால் தரம் குறையாமல் ஒட்டும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நசுக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், 2 ஜி.பி. வரை போகும்.

தேதி விஷயத்தில் கேமராவை நம்பாதீர்கள். பேட்டரி தீர்ந்து கிடந்தால் கடிகாரம் பழைய ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். மறுபடி சரி செய்யாமலே எடுத்திருப்பார்கள். எங்களிடம் வந்த ஒரு காதுகுத்து வீடியோவில் ஃபைல் தேதி ஜனவரி மாதம் காட்டியது. பிள்ளை மொட்டைத் தலையோடு அழுகிறான், தாய்மாமன் மடியில் வைத்துக்கொண்டு கையைப் பிடிக்கிறார், பின்னால் சுவரில் தினசரிக் காலண்டர் ஆவணி என்று சொல்கிறது. நிறுத்தி, படத்தைப் பெரிதாக்கினால் கிழமை வரை படிக்க முடிந்தது. அப்படித் தேடி, ‘2009-08 காதுகுத்து’ என்று வருடத்தை முன்னால் வைத்துப் பெயர் மாற்றுங்கள், வரிசை தானாக வரும். யார் யார் என்று தெரியாத முகங்களுக்கு வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு, பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி அதே ஃபோல்டரில் வையுங்கள்.

கடைசியில் ஒரு ஹார்ட் டிஸ்க் உங்கள் வீட்டில், இன்னொன்று அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ. பென் டிரைவை நான் சேமிப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு இடத்திலும் ஓடவிட்டுப் பார்த்த பிறகும் கார்டை ஃபார்மட் செய்ய என்ன அவசரம்? டப்பாவில் போட்டு வையுங்கள்.

இப்போது கல்லூரிப் பிள்ளைகள் இந்தப் பழைய கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள், ஸ்டூடியோவுக்கே வந்து கேட்கிறார்கள். விற்பதானால் அடிமூடியைத் திறந்து கார்டு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். உள் மெமரியில் இருப்பதையும் காப்பி எடுத்துக்கொண்டு, அழித்துவிட்டுக் கொடுங்கள்.