கிணத்துத் தண்ணியில சிங்க் பிடிக்க ஒளிரும் சென்சர் டிசைன் செய்யிறது எப்பிடி

திருமலையில இறுதியாண்டு ப்ரொஜெக்டுக்குச் சிங்க் சென்சர், அதாவது சிங்க்கைப் பிடிச்சா ஒளிர்ற மூலக்கூறு, செய்யப்போறம் எண்டு வாற பிள்ளையள் கனபேர் முதல்ல கேக்கிறது எந்தக் கலர்ல ஒளிரும் எண்டுதான். கலரைக் கடைசியா பாப்பம். எவ்வளவு சிங்க்கைப் பிடிக்கப்போறீங்கள் எண்டதை முதல்ல முடிவெடுங்கோ.

நிலாவெளிப் பக்கத்துக் கிணறு ஒண்டு எண்டு வைப்பம். லீட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல சிங்க் இருந்தா குடிக்கிற ஆக்களுக்குத் தண்ணி பிடிக்காமப் போகலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது கிட்டத்தட்ட 46 மைக்ரோமோலர். செல்லுக்குள்ள பாக்கிறதுக்குச் செய்த ஜின்பைர்-1 எண்ட சென்சரின்ட கேடி, அதுதான் பிரிகை மாறிலி (இது சின்னனா இருந்தாப் பிடி இறுக்கம்), 0.7 நனோமோலர். அவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதை 10 மைக்ரோமோலர் போட்டா, 10 மைக்ரோமோலர் சிங்கோட அது நிரம்பிடும், அதுக்கு மேல இருக்கிறது 40ஆ 100ஆ எண்டு வெளிச்சத்தைப் பாத்துச் சொல்லவே ஏலாது. ஒண்டில் சாம்பிளைப் பத்து மடங்கு ஐதாக்குங்கோ, இல்லாட்டி பிடியைத் தளர்த்துங்கோ.

மூலக்கூறு மூண்டு துண்டு: ஒளிர்றது, இடையில ஒரு சின்ன இணைப்பு, சிங்க்கைப் பிடிக்கிற கை. தொடங்கிறவைக்கு அந்திரசீன், ஒரு சிஎச்2, டைபிக்கோலைல்அமீன் (டிபிஏ) காணும். 9-குளோரோமெதைல் அந்திரசீனையும் டிபிஏயையும் பொட்டாசியம் காபனேற்றோட அசிட்டோநைட்ரைல்ல சூடாக்கினா சரி. சும்மா நிக்கேக்க அமீன் நைதரசன்ட தனிச்சோடி இலத்திரன் அந்திரசீனுக்குத் தாவி ஒளியை அணைச்சுப்போடும், சிங்க் வந்து அந்தச் சோடியைப் பிடிச்சா தாவ ஏலாது, நீல வெளிச்சம் வரும். இதுதான் பெட் (PET), ஒளியால தூண்டின இலத்திரன் தாவல். கொழும்பில படிச்சிட்டு பெல்பாஸ்ட் போன பிரசன்ன டி சில்வாட பெயர் இந்தத் துறையில எல்லா இடமும் வரும், வாசிச்சுப் பாருங்கோ. பிடியைத் தளர்த்த வேணுமெண்டா டிபிஏயில இருக்கிற ரெண்டு பிரிடின் கையில (நைதரசன் உள்ள வளையம்) ஒண்டை எடுத்துவிடுங்கோ, கேடி மைக்ரோமோலர் பக்கம் போகும்.

இனி பிரச்சினையான இடம். கடற்கரைக் கிணறு எண்டா சோடியம், கல்சியம், மக்னீசியம் எல்லாம் கிடக்கும், ஆனா பிரிடின் நைதரசனுக்கு அதுகளில பெரிய ஆசை இல்லை, காபொட்சிலேற்று கையை மட்டும் அளவுக்கு மேல போட்டிடாதேங்கோ. சரியான எதிரி கட்மியம், அதுக்கும் சிங்க் மாதிரியே டி10 (டி ஓபிற்றல் பத்து இலத்திரனால நிரம்பினது), அதுவும் ஒளிர வைக்கும். அது பெரிய அயன் எண்டபடியா கை உலோகத்தைப் பிடிக்கேக்க உண்டாகிற வளையம் ஐந்து அணுவா இருந்தா அதுக்கு வசதி, ஆறு அணு வளையம் சின்ன சிங்க்குக்கு வசதி, கையை நீட்டுறதோ குறுக்கிறதோ இதைப் பாத்துத்தான் செய்ய வேணும். செம்பை மட்டும் பிடியால வெல்லலாம் எண்டு நினைக்காதேங்கோ, உலோக அயன்கள் எவ்வளவு இறுக்கிப் பிடிபடும் எண்டு சொல்லுற இர்விங்-வில்லியம்ஸ் வரிசையில அது சிங்க்குக்கு மேல, சிங்க்கைத் தள்ளிவிட்டுட்டு வெளிச்சத்தையும் அணைக்கும். பித்தளைப் பைப் உள்ள வீட்டுத் தண்ணி எண்டா தயோசல்பேற்று போட்டுச் செம்பை மறைச்சுப் பாக்கலாம்.

டெஸ்ட் செய்யேக்க பிஎச் 7.4, ஹெப்பெஸ் பஃபர் (பிஎச்சை மாறாம வைச்சிருக்கிற கரைசல்). பொஸ்பேற்று வேண்டாம், சிங்க் வீழ்படிவாகும். அமிலத்தில அமீனில புரோத்தன் ஏறினாலும் ஒளிரும், அதைப் பாத்துச் சிங்க் எண்டு சந்தோசப்பட்டுடாதேங்கோ. ரப்பர் கையுறை, ரப்பர் மூடி எல்லாத்திலயும் சிங்க் ஒட்சைட்டு இருக்கு, வெறும் பஃபரே ஒளிர்ந்தா முதல்ல அதைச் சந்தேகப்படுங்கோ, அமிலத்தில கழுவின பிளாஸ்ரிக் குப்பிதான் நல்லம். மற்ற அயனைத் தனியா விட்டுப் பாத்தது காணாது, அதுக்கு மேல சிங்க்கையும் விட்டு வெளிச்சம் வருதோ எண்டு பாக்க வேணும், கனபேர் இதைத்தான் விடுறவை.

கடைசியா ஒளிர்ந்துகொண்டு நிக்கிற குப்பிக்குள்ள ஈடிடிஏ (உலோக அயனை இறுக்கிப் பிடிச்சு இழுக்கிற பொருள்) விடுங்கோ. வெளிச்சம் விழுந்தா அது உலோக அயனால வந்தது. விழேல்லை எண்டா சென்சரே உடைஞ்சு வேற ஏதோ ஒளிருது எண்டு சந்தேகப்படுங்கோ, ஷிஃப் பேஸ் (தண்ணியில உடையக்கூடிய காபன்-நைதரசன் இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்வை) செய்யிறவை தண்ணியில இதைக் கட்டாயம் பாருங்கோ.