புயல் வாரத்தில் புதுக் காதல்: கடலூர், புதுச்சேரி ஜோடிகளுக்கு

செயலியில் அறிமுகமாகி ஒரு மாதம்கூட ஆகாத காதலுக்குக் கார்த்திகை மழை பெரிய சோதனை. ஒருவர் மஞ்சக்குப்பம், இன்னொருவர் முத்தியால்பேட்டை. நடுவே சுமார் 25 கிலோமீட்டர்தான். கரண்டும் டவரும் போய்விட்டால் பதில் வராத ஒரே இரவில், "என்னை ஒதுக்கிவிட்டாரோ" என்ற சந்தேகம் முளைத்துவிடும்.

எச்சரிக்கை வந்த அன்றே பேசி முடிக்க வேண்டியது, எப்போது, எப்படித் தொடர்புகொள்வது என்பது. காலை 8, இரவு 8 என்று இரண்டு நேரம் போதும். அப்போது மட்டும் போனை ஐந்து நிமிடம் ஆன் செய்யுங்கள். மற்ற நேரம் அணைத்து வையுங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பாது. வழியில் வீணாவது போக, ஒன்றேகால் தடவை வரும்.

நெட் செத்த பிறகும் சாதா எஸ்எம்எஸ் போவதுண்டு. தமிழ் எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக் குறிகள்தான். நீண்டால் துண்டாகிப் பாதியில் நிற்கலாம். "நலம். வீட்டில். சார்ஜ் 40" போதும். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் நின்றால், செய்தி அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை என்று மட்டும் பொருள். அதை வைத்து மனசைப் படிக்காதீர்கள். கோபமாக எழுதும் பத்து வரியும் சிக்னல் வந்ததும் மொத்தமாகப் போய் இறங்கும்.

வீட்டில் இன்னும் சொல்லாத காதல் என்றால், அம்மா எண்ணுக்கு அடிப்பது வேறு புயலைக் கிளப்பும். விஷயம் தெரிந்த ஒரு நண்பர் அல்லது அக்காவின் எண்ணை இருவரும் மாற்றிக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு நேரம் தவறினால் மட்டும் அவரை அழையுங்கள்.

காற்று அடங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தப்பு. ஃபெங்கல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலூரைத் தென்பெண்ணை வெள்ளம் சூழ்ந்ததோ அதற்குப் பிறகு, சாத்தனூர் அணை திறந்த தண்ணீரால். அதனால் புதுச்சேரிக்காரர் நிம்மதியாக போன் தேடும் நாளில்தான் கடலூர்க்காரர் சாமான்களை மேலே ஏற்றிக்கொண்டிருப்பார். இந்த ஏற்பாட்டைக் கரையைக் கடந்த பின்னும் மூன்று நாள் தொடருங்கள். பார்க்கும் ஆசையில் பைக்கை எடுக்காதீர்கள். அந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டாமல் வழி இல்லை.

பணம் பற்றிக் கறாராகவே சொல்கிறோம். நேரில் பார்க்காதவர் "வீடு மூழ்கிவிட்டது, ஐயாயிரம் அனுப்பு" என்றால் அனுப்பாதீர்கள். ஊர், தெரு கேட்டு மாவட்டப் பேரிடர் எண் 1077-ஐச் சொல்லுங்கள். உண்மையில் தண்ணீரில் நிற்பவருக்குப் படகும் சோறும்தான் முதலில் வேண்டும். வீடியோ காலுக்கு ஒவ்வொரு முறையும் சாக்கு, புதுப்புது யுபிஐ எண் என்று வந்தால் மோசடிதான். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

தள்ளிப்போன முதல் சந்திப்பை வெயில் வந்த பிறகு மாலையில், புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வையுங்கள். ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். ஆள் நடமாட்டம் இருக்கும். வருபவர் தன் பஸ்ஸில் வந்து தன் பஸ்ஸிலேயே திரும்பட்டும்.