புல்லி போல்ட் அசையவில்லையா? பெல்ட்டை முதலில் கழற்றாதீர்கள்

கார் இன்ஜினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற உட்கார்ந்ததும் பலர் முதலில் ஃபேன் பெல்ட்டை உருவிவிடுகிறார்கள். அப்புறம் வாட்டர் பம்ப் புல்லி போல்ட்டில் பானாவைப் போட்டால் புல்லியும் கூடவே சுற்றும். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே அந்த போல்ட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி வையுங்கள், அவ்வளவுதான்.

இன்ஜினின் முக்கியத் தண்டு முனையில் இருக்கும் கிராங்க் புல்லியின் போல்ட்தான் வில்லன். எங்கள் காசிமேடு உப்புக் காற்றுக்குத் துரு வேறு ஏறியிருக்கும், அதனால் முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுவேன். மேனுவல் கியர் வண்டி என்றால் டாப் கியரில் போட்டு, ஒருவரை பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லி, ஆறு முனை சாக்கெட்டை முழுசாக உட்கார வைத்து, நீள ராடில் இரும்பு பைப்பைச் செருகி ஒரே சீராக அழுத்துங்கள், வெடுக்கென்று இழுக்க வேண்டாம். பன்னிரண்டு முனை சாக்கெட் போட்டு ஒருமுறை போல்ட் தலையை மழுங்கடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையே போனது எனக்கு. டைமிங் லாக் பின்னை மட்டும் நம்பித் திருப்பாதீர்கள், அது வளையும், உடையும். அது டைமிங் மாறாமல் பிடிக்கத்தான், இந்த பலத்தைத் தாங்க இல்லை. இன்ஜின் சுற்றும் வேகத்திலேயே போல்ட் இளகட்டும் என்று ராடை எங்கேயாவது முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டுவார்கள் சிலர். கை போய்விடும் சாமி. சில இன்ஜின்களில் அந்த போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது, புதுசு வாங்கி, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள்.