ஆங்கில வாக்கியத்தை லத்தீனாக்க, முதலில் தமிழுக்கு வாருங்கள்

வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. அதை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் லத்தீன் பக்கம் போனேன். கிடைத்த பாடங்கள் எல்லாம் ஆங்கிலம் வழியே இருந்ததால் மூன்று மாதம் முட்டி மோதினேன், அப்புறம்தான் வழி பிடிபட்டது: ஆங்கிலத்திலிருந்து நேராகத் தாவாமல், நடுவில் ஒரு தடவை தமிழில் இறங்கி ஏற வேண்டும்.

நம் வாக்கியம்: ‘தி கேர்ள் கிவ்ஸ் தி குட் ஃபார்மர் எ ரோஸ்.’

முதல் வேலை, தமிழாக்குவது. ‘சிறுமி நல்ல உழவனுக்கு ரோஜாவைக் கொடுக்கிறாள்.’ ஆங்கிலத்தில் உழவனும் ரோஜாவும் வெறுமனே நிற்கின்றன, யாருக்கு எது என்பதை நிற்கும் இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழில் கு, ஐ இரண்டும் அதைச் சொல்லிவிடுகின்றன. பேச்சில் ‘ரோஜா கொடுக்கிறாள்’ என்று ஐ-யை விழுங்கிவிடுவோம், இங்கே அப்படிச் செய்யாதீர்கள், லத்தீனில் அந்த விகுதி வந்தே தீர வேண்டும். எ, தி இரண்டையும் விட்டுவிடலாம், லத்தீனில் அவை கிடையாது.

அடுத்து சொற்கள். புவெல்ல (சிறுமி), அக்ரிகொல (உழவன்), ரொஸ (ரோஜா) மூன்றும் ஒரே வாய்பாட்டில் போகிறவை. எழுவாய் அப்படியே புவெல்ல. ஐ சேர்ந்தால் ரொஸம். கு சேர்ந்தால் அக்ரிகொலய். வினை தத். கொடுக்கிறான், கொடுக்கிறாள், கொடுக்கிறது எல்லாவற்றுக்கும் அதுதான்.

குறில் நெடிலைக் கவனித்து எழுதுங்கள். ரொஸ என்றால் எழுவாய், ரொஸா என்று நீண்டால் ‘ரோஜாவால்’. ரோமன் எழுத்தில் மேலே கோடு போடாத பக்கங்களில் இந்த வித்தியாசமே தெரியாது, நம் எழுத்தில் தானாகத் தெரியும்.

இனி ‘நல்ல’. நான் வாரக்கணக்கில் சிக்கிக் கிடந்தது இங்கேதான். தமிழில் நல்ல சிறுமி, நல்ல உழவன், நல்ல ரோஜா, எதற்கு முன்னால் வந்தாலும் அந்தச் சொல் மாறாது. லத்தீனில் அது தான் விளக்கும் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றையும் ஒத்துப்போக வேண்டும். ‘ஒத்துப்போவது’ என்றதும் ஒரே ஓசையில் முடிய வேண்டும் என்று நினைத்து, அக்ரிகொலய் பக்கத்தில் பொனய் என்று எழுதினேன், தப்பு. அகரத்தில் முடிகிற பெயர்கள் பெரும்பாலும் பெண்பால்தான், ஆனால் உழவன், மாலுமி (நவ்த), கவிஞன் (பொஏத) மூன்றும் ஆண்பால். ஆண்பால் நான்காம் வேற்றுமையில் ‘நல்ல’ என்பது பொனோ. ஆக, பொனோ அக்ரிகொலய். முடிவு வேறு வேறாகக் கேட்டாலும் மூன்றும் ஒத்திருக்கின்றன. பால், எண், வேற்றுமை என்று தாளில் மூன்று கட்டம் போட்டு நிரப்பிப் பாருங்கள், எனக்கு அதற்கப்புறம் இந்தத் தப்பு வரவில்லை.

சேர்த்தால்: புவெல்ல பொனோ அக்ரிகொலய் ரொஸம் தத். வரிசை தமிழேதான்! லத்தீனில் சொற்களை இடம் மாற்றலாம், ஆனாலும் வினையைக் கடைசியில் வைப்பது உரைநடையில் சகஜம்.

கருவி என்றால், விட்டேக்கர்ஸ் வேர்ட்ஸ் என்ற இலவச நிரலையும் விக்சனரியின் வாய்பாடுகளையும் சொல்வேன். முன்னதில் எந்த வடிவத்தை இட்டாலும் அது எந்தச் சொல்லிலிருந்து வந்தது, எந்த வேற்றுமையாக இருக்கலாம் என்று பிரித்துக் காட்டும். தானியங்கி மொழிபெயர்ப்பை, உங்கள் வாக்கியத்தை நீங்களே எழுதி முடிக்கும்வரை திறக்காதீர்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்களில் ஒருவர், லத்தீன் அட்டவணையில் நான்காவது வரி வேறாக இருக்கிறதே என்று கேட்டார். நியாயம்தான். நான்காம் வேற்றுமை என்று நான் சொல்வது நம் கணக்கில். லத்தீன் அட்டவணைகளின் வரிசை புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், அதனால் எண்ணை விட்டுவிட்டு ‘யாருக்கு’ என்ற பொருளைத் தேடுங்கள்.

இன்னொருவர், அக்ரிகொலய் என்றால் ‘உழவனுடைய’ என்றும் வருமே என்றார். வரும், வடிவம் ஒன்றுதான். இங்கே பொருளைப் பிரிப்பது பொனோ. அதே இடத்தில் பொனீ என்றிருந்தால், சிறுமி நல்ல உழவனின் ரோஜாவை வேறு யாருக்கோ கொடுக்கிறாள்.